எல்லாம் தெரிந்த அறை

புரோகிராம் எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நாமே வைத்த கோளாறை நாமே கண்டுபிடித்துச் சரிசெய்தால் கெட்டிக்காரன் என்று பெயர் கிடைக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாவிகளே, நான் அந்தப் பெயரை எடுத்த கதையைக் கேளுங்கள்.

ரூமை விட நீளம்

எண்பதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. முதலாளி அண்ணாச்சியின் மருமகன் எங்கிருந்தோ ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ரிசப்ஷனில் இறக்கியிருந்தார். அதற்குத் தீனி போட நான் தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்போதுதான் பாஸ்கல் மொழியில் 'ஆப்ஜெக்ட்' என்ற சங்கதி புதிதாக வந்திருந்தது. தன் விவரத்தையும் தன் வேலையையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிற ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த ஜோரில் நான் ஒரே ஒரு பொருளை எழுதினேன். பெயர் 'அறை'. தங்குகிறவர் பெயர், சாவி, வெந்நீர், எண்ணெய்க் குளியல், சீசன் வந்துவிட்டதா என்பதுவரை எல்லாம் அதற்குள்தான். அச்சடித்துப் பார்த்தபோது மடிப்புத்தாள் ரிசப்ஷனில் ஆரம்பித்து மாடிப்படி வரைக்கும் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாவி கொடுக்கிற பகவதி அக்கா அதை மிதிக்காமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ தம்பி, ரூம விட ரூமப் பத்தி எழுதுனது நீளமால்லா இருக்கு!"

ஏழாம் நம்பரில் எண்ணெய்

அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயி வந்து ஏழாம் நம்பரில் தங்கினார். காலையில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மழையில் ஏழாம் நம்பர் ஒழுகவே, அவரைப் பன்னிரண்டுக்கு மாற்றினோம். கம்ப்யூட்டரும் அவர் பெயரைச் சமர்த்தாகப் பன்னிரண்டுக்கு மாற்றியது. எண்ணெய் மட்டும் ஏழிலேயே தங்கிவிட்டது. அறைக்குள் அல்லவா அதை வைத்திருந்தேன்!

ஒழுகலை அடைத்ததும் ஏழாம் நம்பருக்கு ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். மறுநாள் காலை, தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பட்டுச்சட்டையில் பவுடர் வாசத்தோடு கதவைத் திறக்கிறார். வாசலில் எங்கள் எண்ணெய்க்காரர் மாடசாமி அண்ணாச்சி. அவர் வேலைநேரத்தில் பேச மாட்டார். முதலில் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய், அப்புறம்தான் வணக்கமே. பன்னிரண்டாம் நம்பரில் விவசாயி துண்டைக் கட்டிக்கொண்டு குளிரில் காத்திருக்க, எண்ணெய் சொட்டச் சொட்ட இன்ஸ்பெக்டர் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்தார்.

"கேக்காமக் கொள்ளாம தலையில ஊத்துதான்! நான் என்ன குத்துவெளக்கா வே?"

ஆளுக்கா, ரூமுக்கா

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சீசன் கூட்டம் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். இன்னொரு தலையில் தவறி எண்ணெய் விழுந்தால் கம்ப்யூட்டர் பெட்டியும் போகும், நானும் போவேன் என்றார். அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்று சொல்லித்தான் ஜாதகமே வெளியே போயிருந்தது. கம்ப்யூட்டர் போய்விட்டால் மிச்சம் வெறும் மாப்பிள்ளைதான். அவனை யார் கட்டுவார்கள்?

அந்த ஒரே பொருளைப் பிரித்து எழுத உட்கார்ந்தேன். வெந்நீரை வெளியே எடுத்தால் சாவி காணாமல் போயிற்று. சாவியைச் சரிசெய்தால் பெயர் அழிந்தது. எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த அழகில், இன்ஸ்பெக்டரிடம் வாங்கிய வசவுக்கு நியாயம் கேட்டு மாடசாமி அண்ணாச்சி வேறு வந்து நின்றார். பெட்டிதான் ஏழாம் நம்பர் என்று சொன்னது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தேன். அவருக்கு வந்ததே கோபம்.

"எண்ணெ தேய்க்கது ஆளுக்கா, ரூமுக்கா? அத மொதல்ல கேளும் உம்ம பொட்டிகிட்ட!"

மாடிக்கு வந்த சீசன்

அவர் திட்டிவிட்டுப் போன கேள்வியையே ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பார்த்தேன். சாவி ரூமுக்கு. ஒழுகல் ரூமுக்கு. வெந்நீர் ஆளுக்கு. எண்ணெய் சத்தியமாக ஆளுக்கு. 'ஆள்' என்று தனியாக ஒரு பொருள் எழுதி, அவருக்கு உரியதையெல்லாம் அவர் கூடவே அனுப்பினேன்.

சீசன் மட்டும் இரண்டிலும் சேராமல் நின்றது. சீசன் வந்துவிட்டால் எங்கள் லாட்ஜில் யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் ரூம் கிடையாது. அதை நான் ஜூன் ஒன்றாம் தேதி என்று ஒவ்வொரு அறைக்குள்ளும் எழுதியிருந்தேன். அந்த வருஷம் மே மாதமே சாரல் விழுந்துவிட்டது. அவசரமாகத் தேதியை மாற்றினதில் கீழ்த்தளம் விட்டுப்போயிற்று. மாடியில் சீசன் வந்து இரண்டே நாளில் காலி செய்யச் சொல்கிறது. கீழே இருக்கிறவர்களோ வாரக்கணக்கில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். மாடியில் இருந்தவர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

ஆக, சீசனும் தனிப்பொருள் ஆயிற்று. காலையில் கம்ப்யூட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: சீசனா, இல்லையா? முதலாளி முற்றத்தில் இறங்கி மலையைப் பார்த்துவிட்டு வந்து, ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையை அமுக்குவார். அன்றைக்கெல்லாம் நல்ல குஷியாக இருப்பார்.

"தேதியில என்னலே இருக்கு? மலையப் பாத்து நான் சொல்லுதேன், அது கேட்டுக்கிடட்டும்!"

பரீட்சை

முதல் சனிக்கிழமை. மெயின் அருவியில் கூட்டம், லாட்ஜில் கூட்டம், மாடியில் நாலு அறை ஒழுகுகிறது. ஆட்களை அங்கேயும் இங்கேயும் மாற்றிக்கொண்டே இருந்தோம். மாடசாமி அண்ணாச்சி கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த சீட்டைப் பார்த்துக் கதவு கதவாகத் தட்டினார். ஒரு தலைகூட மாறவில்லை. வேலையும் பிழைத்தது, கல்யாணமும் பிழைத்தது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

புரோகிராம் இப்போது சின்னச் சின்னத் துண்டுகளாக, பார்த்தவுடன் புரிகிற மாதிரி இருந்தது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், நான் சொல்லிக்கொடுத்திருந்ததை வைத்து, புதிதாகக் கட்டிய இரண்டு ரூமைப் பகவதி அக்கா தானே அதில் சேர்த்திருந்தாள். முன்பெல்லாம் நான் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டால், என்னைத் தவிர யாருக்கும் அது புரியாதே என்று முதலாளி ஜீப் அனுப்புவார். அன்றைக்கு அவர் அக்காவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டார். குரலில் அவ்வளவு பாசம்.

"பகவதியே பாத்துக்கிடுதாளே தம்பி, இனிமே நீ எதுக்கு பஸ்ஸுக்கு அலையுத? வீட்டுல நல்லா ரெஸ்ட் எடு!"

சிக்கலை முழுசாக எடுத்துக் கொடுக்கிற தப்பை அதற்கப்புறம் சேர்ந்த எந்த வேலையிலும் நான் செய்ததே இல்லை, அதனால்தான் எனக்குக் கல்யாணமும் ஆனது.