எண்ணெய் தொடாத நாற்பது நாள்

புஷ்பாவுக்குப் பிறந்த ஊர் கரையான்சாவடி. பெரிய ரோட்டில் அவள் அப்பா லோகநாதன் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். டின்னைத் திறக்கும்போதே வாசனையை வைத்து, இது செக்கில் ஆட்டியது, இது மில்லில் ஆட்டியது என்று புஷ்பா சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றதே தவிர எண்ணெய்ப் படிப்பு நிற்கவில்லை. "பாமாயில் ஏமாத்தும், வனஸ்பதி நெஞ்சில குந்திக்கும், கடலெண்ணெதான் வயித்துல நின்னு வேல செய்யும்" என்பது அப்பாவின் வேதம். அதில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கலியமூர்த்தியைக் கட்டிக்கொண்டு ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அந்த வேதத்தை லைன் வீடுகள் முழுக்க ஓதினாள். அங்கே தஞ்சாவூர்க்காரி நல்லெண்ணெயில் குழம்பு வைப்பாள், நாகர்கோவில்காரி தேங்காயெண்ணெயில் பொரிப்பாள். எல்லார் வீட்டுக் குழம்பும் எல்லார் வீட்டுக்கும் கிண்ணத்தில் போகும். ஒரே ஒரு சட்டம்தான்: வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். வெறுங்கிண்ணம் வந்தால் சண்டை என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவளுக்கு, எண்ணெயே வேண்டாம் என்று ஒருத்தி பக்கத்து வீட்டில் வாய்த்தாள் என்றால் அதைச் சோதனை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஹில்டா தூத்துக்குடிக்காரி. அவள் புருஷன் செபாஸ்டியனும் கலியமூர்த்தியும் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ட். அந்த எண்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை ஆறாம் மாதத்தில் கலைந்திருந்தது. இரண்டு முறையும் ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் புஷ்பாதான். இன்னொரு முறை அப்படிப் போகத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். பயம் என்றால் அப்படியொரு பயம்.

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு ஹில்டா வந்து நின்றாள். "மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன்க்கா. ஈஸ்டர் வரைக்கும் எண்ணெய், நெய், கவிச்சி எதையும் தொட மாட்டேன். இந்தப் பிள்ளையாவது தங்கணும்."

"புள்ள தங்கணும்னா நீ துன்னணும்டி. மாசமா கீறவ பட்டினி கெடன்னு எந்த மாதா சொன்னாங்க?"

"பட்டினி யாரு கிடக்கா? கஞ்சி குடிப்பேன்லா."

குடித்தாள். காலையில் ஒரு சட்டிக் கஞ்சி, ஊறுகாய் கூடக் கிடையாது, உப்பும் பச்சை மிளகாயும்தான். பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கும், கண்ணைக் கட்டும். மறுபடி கஞ்சி. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரிதான். அதற்கு முந்தின மாதம் வரை டீக்கடை போண்டாவுக்கு ஆசைப்பட்டு, நாலு தின்றுவிட்டுச் சாயங்காலம் வரை நெஞ்சு கரிக்கிறது என்று சுருண்டு கிடந்தவளும் இவளேதான். காய்ந்து காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்தது வேறு என்ன செய்யும்? அன்றைக்கு அதற்குத் திட்டிய புஷ்பா, இப்போது அந்தப் போண்டாவாவது தின்றால் தேவலை என்கிற நிலைமைக்கு வந்திருந்தாள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை குவார்ட்டர்ஸ் கிளினிக்கில் எடை பார்ப்பார்கள். நர்ஸ் வசந்தகுமாரி தராசு முள்ளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அரை கிலோ குறைந்திருந்தது.

"வெறும் கஞ்சி வயித்துல எவ்வளவு நேரம்மா நிக்கும்? கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் கொழுப்பு சேரணும். அடுத்த தடவையும் இறங்கிச்சுன்னா டாக்டர் உங்களை அட்மிட் பண்ணிடுவாங்க."

ஹில்டா தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி கஞ்சியைத்தான் குடித்தாள். நேர்ச்சையை முறித்தால் பிள்ளை போய்விடும் என்று அவள் பயம். முறிக்காவிட்டால் போய்விடும் என்று இவள் பயம்.

மறுநாள் புஷ்பா ஒரு காரியம் செய்தாள். பருப்பு சாதத்தைக் குழைத்து, நடுவில் ஒரு கரண்டி நெய்யை விட்டு, மேலே சாதத்தை மூடி, ஒன்றும் தெரியாதவள் போலக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்ணெய்க்கடைக்காரர் மகளுக்கு மூக்கு இருந்த அளவு புத்தி இருந்திருந்தால், கர்ப்பிணியின் மூக்கு தன் மூக்கைவிடப் பெரியது என்று தெரிந்திருக்கும். கிண்ணம் வாய்க்குப் போகும் முன்பே ஹில்டா குமட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அரை மணி கழித்துக் கிண்ணம் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக.

பன்னிரண்டு வருஷத்தில் அந்த லைனில் புஷ்பாவுக்கு வந்த முதல் வெறுங்கிண்ணம் அதுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கலியமூர்த்தி, "தப்பு உன்னுதுதானே?" என்றார். அது தெரிந்ததால்தான் அழுகை நிற்கவில்லை.

மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் அப்பா கடையிலிருந்து வந்திருந்த வேர்க்கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சொத்தைக் கடலை ஒன்றை நசுக்கியெறிந்தபோது விரல் நுனி பளபளவென்று இருந்தது. புஷ்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையில் ஓங்கி ஒன்று போட்டுக்கொண்டாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்!

கடலையை வெறும் சட்டியில் வறுத்து, தோல் நீக்கி, தேங்காய், சுட்ட மிளகாய், துளி புளி, உப்பு வைத்து அம்மியில் அரைத்தாள். தாளிக்கவில்லை. ஹில்டா வீட்டு வாசலில் நின்று, பாத்திரத்தைத் திறந்து காட்டினாள்.

"நல்லா மோந்து பாரு. நெய்யி இல்ல, எண்ண இல்ல, கவிச்சி இல்ல. எம் பசங்க மேல சத்தியம்."

ஹில்டா மோந்து பார்த்தாள். புஷ்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குப் பத்து மணிக்குக் கை நடுங்கவில்லை. பன்னிரண்டாயிற்று, ஒரு மணியாயிற்று. "பசியே வரலக்கா" என்று அவளே வந்து சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் கஞ்சிக்குத் துவையல் போயிற்று. ஒரு நாள் கடலை உருண்டை, ஒரு நாள் தேங்காய்க் கீற்று. அடுத்த எடையில் ஒரு கிலோ ஏறியிருந்தது. வசந்தகுமாரி மறுபடி பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். ஆறாம் மாதமும் பத்திரமாகக் கடந்தது.

ஆனால் புஷ்பாவுக்கு உள்ளுக்குள் உறுத்தல். பிள்ளைகள் மேல் சத்தியம் வேறு செய்தாயிற்று. ஈஸ்டர் அன்று ஹில்டா பிரியாணிக் கிண்ணத்தோடு வந்தபோது தாங்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

"ஹில்டா, என்னிய திட்டு. கடலையில பாதி எண்ணதான். அத புழிஞ்சிதான் எங்க நைனா விக்கறாரு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஹில்டா சிரித்தாள். "கடலைல எண்ணெய் இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா? அம்மியக் கழுவிப் பாத்தாலே தெரியுமே. முத நாளே மாதாகிட்டக் கேட்டுட்டுத்தான் தின்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பிள்ள உள்ள ஒரு உதை உதைச்சுச்சு. அதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

ஜூன் கடைசியில் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வந்து நின்றதும் ஹில்டா தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக புஷ்பா வீட்டுக்குள் வந்தாள்.

"ஒரு தடவ உங்க கிண்ணத்த வெறுமையா அனுப்பிட்டேன்க்கா. அது என் மனசுல கிடந்து அறுக்கு" என்று சொல்லி, துணியில் சுற்றிய குழந்தையை அவள் கைகளில் வைத்தாள்.

குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டி வீறிட்டு அழுதது.

"ஐய, பொறந்து மூணு நாள் ஆவல, அதுக்குள்ள பசிய பாரேன்" என்று சொல்லிக்கொண்டே புஷ்பா அழுதாள்.