கண்டக்டரின் தலைக்குள் ஒரு மங்கல்

கண்டக்டருக்கு வாய்தான் மூலதனம். அவர் ஸ்டாப்பைக் கூவினால் தூங்குகிறவர்களும் அடித்துப்பிடித்து எழுந்து இறங்குவார்கள். பஞ்சு மில்லில் வேலை முடிந்து மூச்சிரைக்க ஓடிவரும் ஒருத்திக்காக மட்டும் விசிலடிக்காமல் காத்திருந்து, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வலிப்பு வந்தது. மாத்திரைகளுக்கு மசியவில்லை. டிப்போவில் அவரை வண்டியிலிருந்து இறக்கி, உள்ளே டிக்கெட் கட்டுகளுக்குக் காவல் வைத்தார்கள்.

"அங்க யார்கிட்ட பேசுறது? டிக்கெட் கட்டு பதில் சொல்லுமா?" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

மூளை எங்கே எவ்வளவு சர்க்கரை எடுத்துக்கொள்கிறது என்று படமெடுத்த டாக்டரம்மா, திரையில் ஒரு மங்கலைக் காட்டினார்.

"வலிப்பு வர்றப்ப இந்த இடம் தலைகால் தெரியாம ஆடும். ரத்தம் பாயும், சர்க்கரையை வாரித் தின்னும். மத்த நேரத்துல சோம்பிக் கிடக்கும், சர்க்கரையும் கம்மியாத்தான் எடுக்கும். இதை எடுத்துட்டா வலிப்பு நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா பேச்சுக்கான இடமும் பக்கத்துலதான். எவ்வளவு பக்கம்னு பாக்கணும்."

வலிப்போடு பேச்சும் போய்விட்டால்? மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"வேலை செய்யாதது கம்மியா சாப்பிடுதா? எங்க டிப்போல அது தலைகீழு டாக்டர்" என்றார் கண்டக்டர். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

அடுத்தது ரத்த ஓட்டப் படம். எந்திரத்துக்குள் அசையாமல் படுத்து மனசுக்குள் பேச வேண்டும். பேச்சுக்கான இடத்துக்குக் கூடுதலாக ஓடும் ரத்தம் படத்தில் தெரியும். கண்டக்டர் மனசுக்குள் ஸ்டாப்புகளைச் சொன்னார். முதல் படம் பாழ். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பின்படிக்கட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பியிருக்கிறார். மறுமுறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் என்று தெரிந்தது.

"வேண்டாங்க. நீங்க பேசாத வீட்டுல நான் எப்படி இருப்பேன்?" என்றாள் மனைவி.

"கூட்டத்துல நின்னு பழகின உடம்பும்மா. விரல் அகலம் தாராளம்."

சொன்னவர் பேனாவை எடுக்குமுன் ஸ்டாப்புகளை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டது அவள் காதில் விழுந்தது. பயத்தை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாரே, அந்தத் துணிச்சலை நினைத்து அவள் இன்றும் வியக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி கிளம்பிடுச்சுங்க. ஸ்டாப் சொல்லுங்க" என்றாள்.

உதடு அசைந்தது. "பால் பண்ணை." வெகுநேரம் கழித்து, "தண்ணித் தொட்டி... கோர்ட்டு... பஞ்சு மில்லு."

அதோடு நின்றுவிட்டார். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அப்புறம்? அடுத்தது என்னங்க?"

அவர் மெல்லத் தலையைத் திருப்பி, பின்படிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் பார்த்தார்.

"இரும்மா. நீ இன்னும் ஏறலையே."