சூமானா காய்ச்சும் மருந்து

கெண்டியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பச்சைத் தேநீரைச் சிறு குவளைக்குள் ஊற்றுகிறார். குவளையிலிருந்து மறுபடி கெண்டிக்கு. நுரை பொங்கும்வரை இதுதான் வேலை. சூமானா கூலிபாலி மெத்தை வியாபாரி. மாலி நாட்டின் செகூச் சந்தையில் அவர் கடை வாசலின் கரியடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. தேநீர் குடிக்காமல் விலை கேட்டால் கோபம் வந்துவிடும். "மெத்தை எங்கயும் ஓடாது. உக்காருய்யா."

அவருக்குச் சர்க்கரை நோய். ஈறுகள் வீங்கி, ரொட்டியைக் கடித்தாலே ரத்தம். ஒருநாள் வானொலியில் யாரோ சொன்னார்: சர்க்கரை நோயாளிகளின் ஈறு வீக்கத்துக்குப் பச்சைத் தேநீர் நல்லது. சூமானா துள்ளி எழுந்தார்.

"கேட்டீங்களாடா? இத்தனை வருஷமா நான் குடிச்சது டீ இல்ல, மருந்து!"

அன்றிலிருந்து மருந்து இரட்டிப்பானது. அதில் குவளை குவளையாகக் கொட்டும் சர்க்கரையும்தான். பக்கத்தில் மீன் பொரித்து விற்கும் அவர் மனைவி தெனின் கேட்டாள்: "ரேடியோக்காரன் சர்க்கரையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அதச் சொல்றதுக்குள்ள பேட்டரி தீந்துபோச்சு."

ஒரு மாலை, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தேநீரின் மகிமையை விளக்கியபடியே ரொட்டியைக் கடித்தார். கீழ்வரிசை முன்பல் ரொட்டியிலேயே தங்கிவிட்டது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாத்தீங்களா? கெட்ட பல்லை டீயே வெளிய தள்ளுது."

யாரும் சிரிக்கவில்லை. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த குவளையை ஊற்றினார்.

தெனின் அவரைப் பல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அசிதான் கெய்தா என்ற இளம்பெண். கெய்தா, கூலிபாலி என்ற இரண்டு குலத்தாரும் ஒருவரையொருவர் 'பயறு தின்னி' என்று கேலி செய்வது எங்கள் ஊர் வழக்கம்; அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"கூலிபாலியா? பயறு தின்னிக்குப் பல்லு எதுக்கு?"

"கெய்தா கையில வாயைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

வாய்க்குள் விளக்கடித்ததும் அவள் சிரிப்பு நின்றது. "மாமா, மத்த பல்லும் ஆடுது. பச்சை டீ ஈறு வீக்கத்தக் கொஞ்சம் குறைக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, பொய்யில்ல. ஆனா நீங்க குடிக்கிறது டீ இல்ல, பாகு. சர்க்கரை அடங்காம ஈறு அடங்காது."

"சர்க்கரை போடாம அத யாரு குடிப்பா?"

"பல்லு வேணும்னு நெனைக்கிறவங்க."

பல்லைச் சுத்தம் செய்து, ஒழுங்காக மாத்திரை விழுங்கச் சொல்லி அனுப்பினாள். மறுநாளிலிருந்து கெண்டியில் சர்க்கரையில்லாத வெறும் இலை. நாங்கள் ஒரு வாய் குடித்தோம்; ஒவ்வொருவருக்கும் ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. தையற்காரர் பூரெய்மா எதிர்க்கடை அடுப்புக்கே குடிபெயர்ந்தார். தெனின் மட்டும் முகத்தைச் சுளித்தபடி தினமும் குடித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ரத்தம் நின்றது. மற்ற பற்கள் தங்கின. மாத்திரை, சுத்தம், தேநீர் எல்லாவற்றாலும் கொஞ்சம் கொஞ்சம் என்றாள் அசிதான். சந்தையில் சூமானா சொன்னது வேறு: "எல்லாம் டீதான். கெய்தாப் பொண்ணுக்குப் பொறாமை."

போன வெள்ளிக்கிழமை பூரெய்மா திரும்பி வந்தார். "ஒரே ஒரு பிடிய்யா, பழைய சிநேகத்துக்கு" என்று சட்டைப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தார்.

சூமானா உள்ளங்கையால் கெண்டியின் வாயை மூடினார். ஆவி சுட்டது. பொட்டலம் மறுபடி சட்டைப்பைக்குள் போகும்வரை கையை எடுக்கவில்லை.