தப்பான விடைக்குப் பின் வரும் குரல்

நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, எனக்கு முன்பிருந்த கணக்கு டீச்சர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் பாடம் நடத்துவதை அவர் நிறுத்தவில்லை. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் தயாரித்த வீடியோ பாடங்கள் கம்ப்யூட்டர் லேபில் இருந்தன. வீடியோ நடுவில் நின்று ஒரு கணக்குக் கேட்கும். திரையில் நான்கு விடைகள் வரும். எதை அமுக்குகிறோமோ அதற்குத் தகுந்தபடி அவர் பேசுவார்.

பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அறையில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு மூலையிலிருந்து "ஆமாங்க டீச்சர்" என்று ஒரு குரல் வரும். சற்றுக் கழித்து வேறொரு மூலையில், "புரிஞ்சுதுங்க டீச்சர்." முதல் வாரம் முழுக்க நான் திரும்பிப் பார்த்து "என்ன?" என்று கேட்டு அசடு வழிந்தேன். அவர்கள் என்னிடம் பேசவே இல்லை. உயிரோடு எதிரில் நிற்கிற டீச்சரை ஒருவரும் சட்டை செய்யவில்லையே என்று எரிச்சலாக வந்தது. இறந்தவருடைய நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.

அவருடைய மகளும் நான் எடுத்த ஏழாம் வகுப்பில்தான் படித்தாள். யார் என்ன விடை அமுக்கினார்கள் என்பது என் மேசைத் திரையில் தெரியும். அவளுடைய வரிசை முழுக்கச் சிவப்பு. எந்தப் பாடத்திலும் ஒரு விடைகூடச் சரியில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் அதே மாதிரிக் கணக்குகளைப் பிசகில்லாமல் போட்டிருந்தாள். பார்த்து எழுதுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் கண் முன்னால் போடட்டும் பார்க்கலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தேன்.

இருபது கிலோ துணி ரோலில் கால் பங்கு கட்டிங்கில் வேஸ்ட் போனால் மீதி எவ்வளவு? அவள் யோசிக்கவே இல்லை. ஐந்து கிலோ என்ற விடையை அமுக்கினாள்.

"பரவால்ல கண்ணு," என்றது அந்தக் குரல். "அவசரப்பட்டுட்ட. வா, நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்." பின்னணியில் பக்கத்து வீட்டு ஓவர்லாக் தையல் மெஷின் ஓடியது. குக்கர் விசில் அடித்தது. "இரு கண்ணு, இது அடங்கட்டும்," என்று டீச்சர் சிரித்தார். அவள் உதடுகளும் கூடவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

வீடியோவை நிறுத்தினேன்.

"இதுக்கு விடை தெரியுமா கண்ணு?"

"பதினஞ்சு கிலோங்க டீச்சர்."

"அப்புறம் ஏன் தப்பா அமுத்தற?"

"தப்பாச் சொன்னாத்தானுங்க அம்மா இப்பிடிப் பேசுவாங்க."

"சரியாச் சொன்னாலும் பேசுவாங்களே," என்று அவசரப்பட்டு வாயை விட்டேன்.

"தெரியுமுங்க. அத இன்னும் கேக்கலீங்க. அத மட்டும் வெச்சிருக்கறனுங்க." திரையைத் துடைப்பதுபோல் விரலால் தடவினாள். "அதையும் கேட்டுட்டா, அம்மாகிட்ட புதுசாக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுங்களே." பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லுவாங்கன்னு நீங்க கேட்டிருக்கீங்களா டீச்சர்?"

வேலையில் சேர்ந்த வாரமே எல்லாப் பாடங்களையும் சரியான விடையாக அமுக்கி முடித்தவள் நான். சரியான விடைக்கு, எல்லாக் கணக்கிலும் ஒரே பதிவைத்தான் அவர் போட்டு வைத்திருந்தார். "சரி. அடுத்தது." அவ்வளவுதான். அதையும் அடுப்பில் ஏதோ தீய்வதுபோல் அவசரமாகச் சொல்லியிருந்தார்.

"இல்ல கண்ணு. நானும் கேக்கல."

அதில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, கேள்விக்கே திரும்பிப் போய், அவள் மறுபடியும் ஐந்தை அமுக்கினாள்.