மரத்தொட்டியின் நீர்மட்டம்

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எங்கள் பாளையங்கோட்டை வீட்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு மீன்தொட்டி செய்யப்பட்டது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. மற்ற பக்கங்களும் அடியும் கனத்த பிளைவுட். மரத்தில் தண்ணீர் இறங்காமலிருக்க பைபர் பூச்சு. முதல் பலகையை அறுத்தது ஒரு திங்கட்கிழமை. அன்றிலிருந்து நடந்ததையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருப்பதால் கீழே வரும் நாள்கணக்கை நம்பலாம்.

செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. உவரியில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பைபர் வள்ளங்களில் கீறல் விழுந்தால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர் போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மாமா கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி கிடந்து கரை சேர்ந்தார். உடன் போன கூட்டாளி வரவில்லை. கூட்டாளிக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மா போய் மாமாவை அழைத்து வந்தாள். இன்னொரு வள்ளத்தில் ஆள் கேட்கிறார்கள், இரண்டு நாளில் திரும்ப வேண்டும் என்று அவர் சொன்னார்.

"பிள்ள மீன்தொட்டி கேட்டுட்டே கெடக்கா. அதச் செஞ்சு குடுத்துட்டுப் போலே. அதுவரைக்கும் இங்கனதான் இருக்கணும்" என்றாள் அம்மா.

நான் கேட்டிருந்தது இரண்டு தங்கமீனும் ஒரு கண்ணாடி ஜாடியும். ஆனால் ஆறடியைக் கேட்டதும் ஜாடியை மறந்துவிட்டேன். தொட்டி முடிந்தால் மாமா கடலுக்குப் போவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தொட்டி முடிய வேண்டும்.

ஒன்பதாம் நாள் மாமா பூச்சு வேலையில் இறங்கினார். ரெசினைக் கலக்கி, வெள்ளைப் பைபர் துணியை மரத்தின்மேல் விரித்து, பிரஷால் நீவி நீவி ஒட்டினார். வாடை தெருமுனை வரை போயிற்று. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்த அப்பா தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏ மாப்ளே, இத ஆத்துல எறக்கப் போறியா?"

மாமாவுக்குப் புரியவில்லை.

"வெளிப்பக்கம் பூசி வச்சிருக்கியே வே! தண்ணி உள்ளல்லா நிக்கப் போவுது!"

மாமா குனிந்து உள்ளே பார்த்தார். பூச்சில்லாத வெறும் மரம் அப்படியே இருந்தது. அத்தனை வருடமும் தண்ணீரை வெளியே நிறுத்திப் பழகிய கை. "கை அதுபாட்டுக்குப் போயிட்டு அத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். காலையிலிருந்து மூன்று தடவை அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். வள்ளக்காரர் வீட்டில் பிறந்தவளும்கூட.

உட்புறப் பூச்சுக்கு இன்னும் பத்து நாள் ஆயிற்று. கண்ணாடியைப் பொருத்தி, ஒட்டுப் பசை காய்ந்து, இருபத்து மூன்றாம் நாள் தண்ணீர் நிரப்பினோம். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக நான் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது.

"எங்கயோ கசியுது" என்றார் மாமா. தண்ணீரை இறைத்து, ஒரு மூலையில் மறுபடி பூசி, இரண்டு நாள் காயவைத்து நிரப்பினார். மறுபடியும் இறங்கியது. இன்னொரு மூலையில் பூசினார். அதன் பிறகும் இறங்கியது. "ஒழுகுத தொட்டில என்னத்த வளக்க? பையச் செய்யி, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அம்மா. என் பட்டுப்பாவாடையில் தையல் கோணலாக இருந்ததற்காகத் தையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியவள், இந்தத் தாமதத்தில் முகம் சுளிக்கவே இல்லை. வள்ளத்துக்காரர் போனில் கூப்பிடும்போதெல்லாம் மாமா எழுந்து நின்று, "வேல இன்னும் தீரல அண்ணாச்சி" என்று பதில் சொன்னார்.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. தொட்டிக்குக் கீழே தரை காய்ந்தே கிடப்பதை நான் கவனித்தேன். ஒழுகினால் தரை நனைய வேண்டுமே? ஒரு வாளியில் தண்ணீர் நிறைத்து, கோடு போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நான்கு நாள் இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். சனிக்கிழமை இரவு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், நோட்டை விரித்துக் காட்டினேன்.

"தொட்டி ஒழுகல. வாளிலயும் அதே ரெண்டு சென்டிமீட்டர்தான் கொறஞ்சிருக்கு. வெயிலுக்கு ஆவியாப் போவுது, அவ்வளவுதான்."

"ஏட்டி, பேசாமத் தின்னு" என்றாள் அம்மா.

அப்பா நோட்டை வாங்கி, கணக்கு எதைக் கண்டாலும் சரிபார்க்கும் வழக்கப்படி, வரிவரியாகப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டார்.

மாமா சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்தார். "மருமவ கெட்டிக்காரில்லா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார். மேலும் யாராவது பாராட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அம்மா மிச்சச் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

ஞாயிறு காலை மாமா பையோடு பின்பக்கம் வந்தார். தொட்டியின் இடது மூலையை விரலால் தடவிப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள்.

"இந்த மூலைக்கு இன்னொரு தடவ பூசிருக்கலாமோ?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

"வேண்டாம் மாமா. ஒண்ணும் ஆகாது, பயப்படாதிய" என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.