டம்ளரில் வராத பளபளப்பு

இன்று சிவகாசி ஓவிய வகுப்பில் நாள் முழுக்க ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரை வரைந்தேன். எத்தனை முறை அழித்து வரைந்தாலும் அதன் பளபளப்பு மட்டும் தாளில் வரவே இல்லை.

அலுத்துப்போய் விருதுநகர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். வலது கையின் ஓரமெல்லாம் பென்சில் கரி.

பக்கத்து சீட்டு அக்கா அந்தக் கையையே பார்த்தார்.

"ஏம்மா, எந்தக் கம்பெனிக்குப் போறீக? மருந்து ரூமா?"

பட்டாசு மருந்து என்று நினைத்துவிட்டார்.

"இல்லக்கா, பென்சில். டம்ளர் வரைஞ்சேன்" என்று நோட்டைக் காட்டினேன்.

"ஒரு டம்ளருக்கா இம்புட்டு நேரம்?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"சோப்பு போட்டா போயிருமா?"

"போயிரும்க்கா."

"அப்ப நல்ல வேலைதான்" என்று தன் உள்ளங்கையை விரித்தார். "இது எம்புட்டு தேய்ச்சாலும் போகாது."

ரேகைக்கு ரேகை பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர். காலையிலிருந்து நான் தேடிய அதே பளபளப்பு.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

டம்ளர் வரைந்தே கை ஒடிந்தது என்று மத்தியானம் இங்கே புலம்பியிருந்தேன். அதற்கு லைக் போட்டவர்கள் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.