செவ்வாய்க்கிழமை வாழைப்பழம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அந்தக் கார் ஒரு பெண் குரங்கை அடித்தது. பத்து மணிக்குள் அலுவலகம் போய்ச் சேர முடியுமா என்று அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். கையில் பாதிச் சீப்பு வாழைப்பழம் மிச்சம் இருந்தது.

என் மகள் நகரத்துக்கு வெளியே ஒரு புதர்க்காட்டில் குரங்குகளின் பின்னால் அலைந்து ஆராய்ச்சி செய்கிறாள். வெட்டியும் எரித்தும் மொட்டையாகிப்போன குன்று அது. ஆள் வைத்து நட்ட கன்றுகள் கருகிவிட்டன. குரங்குகளோ நாவலும் இலந்தையும் அத்தியும் தின்றுவிட்டு, கன்னத்துப் பையில் அடக்கிய கொட்டைகளைப் போகிற வழியெல்லாம் துப்பின. மீதியை எச்சத்தில் விட்டன. அப்படி முளைத்தவை பிழைத்திருந்தன. எந்த மரத்தின் விதை எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. சனிக்கிழமை மௌலா அலி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போது காகித உறைகளில் குரங்கு எச்சத்தைக் கொண்டுவந்து பால்கனியில் அலசுவாள். சல்லடை என்னுடைய மாவுச் சல்லடை.

"பீயை அலசவாடி எம்.எஸ்ஸி. படிச்சே?" என்பேன்.

"ஹவ், ஆமாம்மா. கோல்டு மெடல் வாங்கிட்டு அலசறேன்" என்பாள்.

எனக்குப் பயம். பாம்பு, கடுவன் குரங்கின் பல், காட்டில் தனியாக ஒரு பெண். ஒருமுறை காலில் முள் ஏறி வீங்கி வந்தாள். அன்று வேண்டிக்கொண்டேன்: இவள் வேலை முடிகிறவரை செவ்வாய்தோறும் உன் பரிவாரத்துக்குப் பழம் போடுகிறேன், ஆஞ்சநேயா, பிள்ளையைப் பார்த்துக்கொள். இங்கே ஊரே செய்வதுதான். காட்டை ஒட்டிய சாலையில் காரை நிறுத்திக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நான் குஷாய்குடா கடைத்தெருவில் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போவேன். அவளிடம் சொல்லவில்லை. உணவு போடாதீர்கள் என்று அங்கே பலகை இருந்தது. அது சிப்ஸ் போடுகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வாடிப்போய் வந்தாள். "காது கிழிஞ்சவ இருக்காளே, அவ கூட்டம் குன்றுப் பக்கமே வரலம்மா. எச்சத்துல விதையே இல்ல. இந்தப் பழ சீசன் போச்சுன்னா என் வேலையே ஒரு வருஷம் பின்னால போயிடும்."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். ஒன்றும் புரியாமல் இல்லை. ஆனால் வேண்டுதலை நடுவில் விட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த செவ்வாயும் போனேன். பழத்தைச் சாலையின் இந்தப் பக்கம் போட்டேன். கூட்டம் எதிர்ப்பக்கத்து மரத்தில் இருந்தது. முதலில் இறங்கியவள் காது கிழிந்தவள், வயிற்றில் தொற்றிய குட்டியோடு. பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாலையைத் திரும்பக் கடக்கும்போது கார் அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. குட்டிக்கு அடி இல்லை. கீச்சிட்டுக்கொண்டு தாயின் மார்பை விடாமல் பற்றியிருந்தது. இன்னொரு பெண் குரங்கு வந்து அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு மரமேறியது. மற்றவை நசுங்காத பழங்களாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றன. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம். மகளுக்குத் தெரிந்தேயிருக்காது. போனை எடுத்து, "ரோட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்துப் புதரை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், கையில் இருந்த சீப்பைப் பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து, செத்தவளின் கன்னத்தை மெல்ல அழுத்தினாள். வெள்ளையாகக் குழைந்த வாழைப்பழம் வெளியே வந்தது. அதில் தேட ஒரு விதைகூட இல்லை.

"நான்தான்" என்றேன். "நாலு வாரமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"நேத்து முழுக்க நாவல் மரத்தடியிலயே உட்கார்ந்திருந்தேம்மா" என்றாள். "பழமெல்லாம் கீழ விழுந்து அங்கயே அழுகுது. எடுத்துட்டுப் போக ஒருத்தரும் வரல."